மதுவின் அளவும் அபாயமும்: ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு பாடம்

“அளவோடு குடித்தால் தீங்கில்லை” என்று நம் கிராமங்களில் பலர் சொல்லக் கேட்கிறோம். அந்த அளவு யாது என்று வினவினால், விடை கூறுவோர் மிகச் சிலரே. உரத்தையும் பூச்சி மருந்தையும் ஏக்கருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு இடும் விவசாயப் பெருமக்கள், தம் உடலுக்குள் செல்லும் பொருளைக் கணக்கிடாதிருத்தல் பொருந்தாது. ஆதலின் அக்கணக்கை இங்கே விளக்குவோம்.

அளக்கும் முறை

மதுபானத்தில் உடலைத் தாக்கும் பொருள் ஆல்கஹால் ஆகும். புட்டியின் பருமனைக் கொண்டன்று, ஆல்கஹாலின் எடையைக் கொண்டே அபாயத்தை அறிதல் வேண்டும். 10 கிராம் ஆல்கஹாலை ஓர் அலகு எனக் கொள்வோம்.

நம் மாநிலத்தில் விற்கப்படும் பிராந்தி, விஸ்கி, ரம் ஆகியவற்றில் பொதுவாக நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால் உண்டு. 180 மில்லி கொண்ட ‘குவார்ட்டர்’ புட்டியில் அது 77 மில்லி. எடையில் ஏறத்தாழ 61 கிராம். அதாவது 6 அலகுகள். 30 மில்லி அருந்தினாலே ஓர் அலகு நிறைந்துவிடுகிறது. நீரோ சோடாவோ கலப்பதால் காரம் தணியுமேயன்றிக் கிராம் குறையாது. நூற்றுக்கு 8 பங்கு ஆல்கஹால் உள்ள 650 மில்லி பீரிலும் 4 அலகுகள் இருத்தலால், பீர் தீங்கற்றது என்பதும் தவறான எண்ணமே.

வரம்பின் பொருள்

ஆஸ்திரேலிய நாட்டின் சுகாதாரத் துறையினர் 2020ஆம் ஆண்டில், வாரத்திற்கு 10 அலகுகளுக்கும் ஒரே நாளில் 4 அலகுகளுக்கும் மேற்படலாகாது என வரையறுத்தனர். கனடா நாட்டு அறிஞர்கள் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வாரத்திற்கு 27 கிராம் வரையே அபாயம் குறைவு. அது குவார்ட்டரில் பாதியும் ஆகாது. நாள்தோறும் ஒரு குவார்ட்டர் அருந்துபவர் வாரத்தில் 42 அலகுகள் அருந்துகிறார். அவர் ஆஸ்திரேலிய வரம்பை நான்கு மடங்கிற்கு மேல் கடந்தவராவார்.

இவ்வரம்பு ‘தீங்கின்மை’ என்று பொருள்படாது. அதற்குட்பட்டு அருந்துவோரில், மதுவினால் மாள்பவர் நூற்றுக்கு ஒருவரினும் குறைவு என்பதே ஆஸ்திரேலியக் கணக்கு. உலக சுகாதார நிறுவனமோ, எந்த அளவும் பாதுகாப்பானது அன்று என 2023ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியது. மது புற்றுநோயை விளைவிப்பது என்பது 1988ஆம் ஆண்டிலேயே உறுதி செய்யப்பட்டது. கர்ப்பிணிகள், சிறுவர், ஈரல் நோயாளிகள், காசநோய் மருந்து உட்கொள்வோர் ஆகியோர் ஒரு துளியும் அருந்தலாகாது.

மறுநாட் காலை

உடல் ஓர் அலகைச் செலவிட ஏறத்தாழ ஒரு மணி நேரமாகிறது. இரவு 10 மணிக்குக் குவார்ட்டரை முடித்தவர் உடலில் விடியற்காலை 4 மணி வரையிலும், சிலருக்கு அதற்குப் பின்னரும் மது நிற்கும். குளித்தாலும் மோர் குடித்தாலும் அது விரைந்து நீங்காது. அந்நிலையில் டிராக்டர் ஓட்டுவதும், பம்புசெட்டின் மின்விசையைத் தொடுவதும், பூச்சி மருந்து தெளிப்பதும் உயிருக்கு ஆபத்தாகும். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹாலிருப்பின் வாகனம் ஓட்டுவது சட்டப்படி குற்றம்.

கள்ளச்சாராயத்திற்கு வரம்பில்லை

மேற்கூறிய கணக்கு எதுவும் கள்ளச்சாராயத்திற்குப் பொருந்தாது. அதில் மெத்தனால் என்னும் நச்சுப்பொருள் கலந்திருக்கக் கூடும். நிறத்தாலும் மணத்தாலும் அதைப் பிரித்தறிய இயலாது. உடலினுள் அது பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை அழிக்கிறது. குறிகள் பல மணி நேரம் கழித்தே தோன்றுதலால், குடித்தவர் தமக்கு ஒன்றுமில்லை என்று வாளா இருந்துவிடுகிறார். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இவ்வாறே மாண்டனர். வயிற்று வலி, வாந்தி, பார்வை மங்கல் கண்டால் 108க்கு அழைத்து உடனே மருத்துவமனை சேர்க்க வேண்டும். உடன் குடித்தவர்களையும், நலமாகத் தோன்றினும், அழைத்துச் செல்க. வழக்கு வருமென்று அஞ்சி மறைப்பது உயிரைப் பறிக்கும்.

மன்றத்தின் கடமை

நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் நேரலாம். ஆதலின், “இன்றே விட்டுவிடு” என்று அதட்டுதல் போதாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். 14446 என்னும் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். குடித்தவரை இகழ்வதால் அவர் மறைந்து குடிப்பாரேயன்றித் திருந்தார்.

அடுத்த கிராம சபையில் உறுப்பினர்கள் இவ்வினாக்களை முன்வைத்து ஆராய்க:

1. நம் ஊரில் ஒரு குவார்ட்டர் எத்தனை அலகு என்று அறிந்தோர் எத்தனை பேர்?
2. கள்ளச்சாராயம் விற்கப்படும் செய்தி அறிந்தால் யாரிடம், எவ்வாறு தெரிவிப்போம்?
3. குடியை நிறுத்த விரும்புபவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை ஏற்பவர் யார்?

மூன்றாவது வினாவிற்கு ஒருவர் பெயரேனும் தீர்மானப் புத்தகத்தில் ஏறுமாயின், அச்சபை பயனுடைய சபையாகும்.