மூலிகை மருந்தும் சத்துப் பொடியும்: சட்டம் சொல்வது என்ன?

இடம்பெயர்ந்தபோது எம்மக்கள் விட்டுவந்தவை வீடும் வயலும் மாத்திரமல்ல. வேலியோரத்து ஆடாதோடை, கிணற்றடி வல்லாரை, நாடி பிடித்துப் பார்த்த ஊர்ப் பரியாரியார் எல்லாவற்றையும் விட்டே வந்தோம். அந்த இடத்தைப் பையுடன் வரும் வியாபாரி பிடித்துக்கொண்டார். "சீனி வருத்தம், மூட்டுவாதம், பிரஷர் எல்லாவற்றுக்கும் ஒரே பொடி. மூலிகைதானே, தீங்கில்லை" என்பது அவர் பேச்சு.

நான் பணிபுரிந்த முகாமொன்றில் நீரிழிவுள்ள தாயொருவர் இதை நம்பி ஆஸ்பத்திரிக் குளிசையை நிறுத்தினார். காலில் வந்த சிறு புண் ஆறவில்லை. இரண்டு விரல்களை இழந்தார். அந்தப் போத்தலில் செய்தவரின் விலாசமும் இல்லை, திகதியும் இல்லை. யாரிடம் முறையிடுவது?

மூன்று சட்டங்கள்

1. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டம். இச்சட்டத்தில் 'ஆயுள்வேதம்' என்பது சித்த, யூனானி முறைகளையும் அடக்கும். சுதேச வைத்தியர்கள் ஆயுள்வேத வைத்திய சபையில் பதிவு செய்யப்படுவது இதன் கீழேயே.

2. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். உணவைப் பற்றி மக்களை ஏமாற்றும் விதத்தில் சுட்டுத்துண்டு ஒட்டுவதையும் விளம்பரம் செய்வதையும் இது தடுக்கிறது.

3. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம். ஆங்கில மருந்துகளோடு, மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட எல்லைக்கோட்டுப் பொருட்களும் இதற்குள் வருகின்றன.

தந்திரம் இந்த எல்லைக்கோட்டிலேதான் இருக்கிறது. சுட்டுத்துண்டில் 'சத்துணவு' என்று எழுதிவிட்டு, வாயால் 'நோய் மாறும்' என்று சொல்லி விற்கிறார்கள். எழுத்து உணவு, பேச்சு மருந்து. இரண்டும் வேறுபட்டால் அங்கே வாங்க வேண்டாம்.

மூலிகை என்றால் தீங்கில்லையா?

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகைக் குளிசை எடுத்த நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பழுதாயின. ஒரு மூலிகைக்குப் பதிலாக வேறொன்று கலந்துவிட்டதே காரணம். கலந்த செடி எமது ஈசுவரமூலியின் இனத்தைச் சேர்ந்தது. ஆகவே அதனை நாமாக இடித்துக் குடிப்பது ஆபத்து. மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீரொயிட் மருந்தை இரகசியமாகக் கலப்பதும் பல நாடுகளில் பிடிபட்டுள்ளது. நோ உடனே குறையும். கேடு பின்னால் வரும்.

2020 டிசெம்பரில் கொரோனாவுக்கு மருந்தென்று சொல்லப்பட்ட பாணிக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். சுகாதார அமைச்சரே அதைப் பகிரங்கமாக அருந்தினார். 2021 ஜனவரியில் அவருக்கும் தொற்று ஏற்பட்டது. பெரியவர் அருந்தினார் என்பது சோதனைக்கு ஈடாகாது.

வாங்குமுன்

• செய்தவரின் பெயர், விலாசம், சேர்மானம், தொகுதி இலக்கம், செய்த திகதி, முடிவுத் திகதி உண்டா?
• தருபவர் வைத்தியரானால் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். நல்ல வைத்தியர் கோபிக்க மாட்டார்.
• வைத்தியரைக் கேளாமல் ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்தாதீர்கள். எடுக்கும் மூலிகையை அவரிடம் மறைக்கவும் வேண்டாம்.
• சந்தேகமானால் போத்தலை எறியாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள்.

நாமே விற்பதானால்

எமது மாதர் சங்கங்கள் சில வல்லாரையும் முருங்கையிலையும் காயவைத்து விற்க விரும்புகின்றன. நல்ல முயற்சி. உணவாக, சுத்தமாக, உண்மையான சுட்டுத்துண்டுடன் விற்கலாம். 'நோய் தீர்க்கும்' என்று ஒரு வரி சேர்த்தால் அது மருந்தாகிவிடும், அனுமதியும் வேண்டும். தொடங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டறியுங்கள்.

சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரம் மண்ணில் விளையும் மருந்தையும் வைத்தியரையும் இறைவனின் கொடையென மதிக்கிறது. கொடையை மதிப்பவர் அதன் பெயரால் நடக்கும் பொய்க்கு இடங்கொடார்.

கலந்துரையாட

1. எமது குடியிருப்பில் கடந்த ஆண்டு என்னென்ன பொடி, பாணி விற்கப்பட்டன? யார் விற்றார்?
2. பதிவு பெற்ற சித்த வைத்தியர் எமக்கு அண்மையில் எங்கே உள்ளார்?
3. எமது பிள்ளைகளுக்கு இனங்காட்டக்கூடிய மூலிகைகள் எத்தனை?