தவக்குலும் தயாரிப்பும்: கல்லூரி செல்லவிருக்கும் மாணவர்களுக்கு

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே, பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் அன்புப் பிள்ளைகளே!

பல வீடுகளில் தேர்வு முடிவு வந்த பிறகுதான் மேற்படிப்பைப் பற்றிப் பேச்சே தொடங்குகிறது. கேட்டால், "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்கிறோம். நிச்சயமாக அவன் போதுமானவன். ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமலே தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படியே நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். இச்செய்தி திர்மிதீயில் இருக்கிறது. யூசுஃப் (அலை) அவர்களும் பஞ்சம் வந்த பிறகு தானியம் தேடச் சொல்லவில்லை; விளைச்சல் இருந்த ஏழு ஆண்டுகளிலேயே சேமிக்கச் சொன்னார்கள். பிள்ளைகளே, உங்களுக்கு இந்த இரண்டு ஆண்டுகள்தாம் சேமிக்கும் காலம்.

முதலில் சான்றிதழ்கள்

2007 முதல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத தனி இடஒதுக்கீடு இருக்கிறது. உங்கள் சாதிச் சான்றிதழில் வெறும் பி.சி. என்றிருக்கிறதா, பி.சி. முஸ்லிம் என்றிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். வருமானச் சான்றிதழ், வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ், இவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தாலுகா அலுவலகமும் வீரகேரளம்புதூரிலேயே இருக்கிறது. ஆனாலும் கடைசி வாரத்தில் ஓடினால் கூட்டத்தில் நிற்க வேண்டிவரும்.

பெயரையும் கவனியுங்கள். முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் ஆதாரில் ஒருவிதமாகவும், மதிப்பெண் பட்டியலில் வேறுவிதமாகவும் எழுதியிருப்பார்கள். இனிஷியலும் மாறியிருக்கும். பிறகு உதவித்தொகை வாங்கும்போது இதுவே தடையாகும். இப்போதே திருத்திவிடுங்கள்.

எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி?

பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குத்தான் கட்-ஆஃப். நீட் எழுத விரும்பினால் பிளஸ் டூ முடிவுக்கு வெகு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கலை, அறிவியல் படிக்க சுரண்டையில் காமராஜர் அரசுக் கல்லூரி, குற்றாலத்தில் பெண்களுக்கான பராசக்தி கல்லூரி, பாளையங்கோட்டையில் 1971 முதல் நடக்கும் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி இருக்கின்றன. ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றுக்கு விண்ணப்பியுங்கள்.

பெற்றோர்களே! கமிஷனுக்காக வெளிமாநிலக் கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் புரோக்கரிடம் முன்பணம் கொடுத்துவிட்டு, மீதிக்கு வட்டிக்கடன் தேடும் நிலைக்கு ஆளாகிவிடாதீர்கள். வட்டி ஹராம். ஹலாலான வழிகளை முதலில் தேடுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அவர்கள் கல்லூரி சென்றால் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் மாணவியருக்கு 2022இலும், மாணவர்களுக்கு 2024இலும் தொடங்கப்பட்டது.

மஷ்வராவும் இஸ்திகாராவும்

பிள்ளைக்கு எதில் ஆர்வம் என்று உட்கார வைத்துக் கேளுங்கள். படித்தவர்களிடம் மஷ்வரா செய்யுங்கள். பிறகு இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாரா துஆ கேளுங்கள். ஜமாஅத்தில் பட்டம் பெற்ற இளைஞர்களே! மே மாதம் அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் பள்ளிவாசலில் அமர்ந்து, விண்ணப்பம் நிரப்பத் தெரியாத ஏழை வீட்டுப் பிள்ளைக்கு உதவுங்கள். ஒரு காகிதம் இல்லை என்பதற்காக நம் மஹல்லாவில் எந்தப் பிள்ளையின் படிப்பும் நின்றுவிடக் கூடாது.

முயற்சி நம்முடையது, முடிவு அல்லாஹ்வுடையது. நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் நல்லொழுக்கத்தையும் அவன் தந்தருள்வானாக! ஆமீன்.