ஸபரில் பிறர் ஹக்கு

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு உதகை, கூடலூர் வழியாக மைசூர் போய் வரும் நம்மவர்கள், புறப்படுமுன் ஆலிம்களிடம் கஸ்ரு, ஜம்வு மஸ்அலாக்களை நுணுக்கமாகக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் போகிற பூமிக்கும் அங்குள்ள மனிதர்களுக்கும் பிராணிகளுக்கும் நாம் செலுத்த வேண்டிய ஹக்கு என்ன என்று கேட்பவர் அரிது. அதுவும் ஸபருடைய சட்டமே.

செழிப்பான பூமியில் செல்லும்போது ஒட்டகத்திற்கு மேய்ச்சலில் அதன் பங்கைக் கொடுக்கும்படியும், இரவில் இறங்கித் தங்கினால் பாதையை விட்டு விலகித் தங்கும்படியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. இரவில் அப்பாதை பிராணிகளும் விஷ ஜந்துக்களும் வரும் இடம் என்று காரணத்தையும் அவர்களே விளக்கியுள்ளார்கள். பந்திப்பூர் காட்டு வழியில் 2009 முதல் இரவு 9 மணி தொட்டுக் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை இருக்கிறது. அங்கே காத்து நின்று சர்க்காரை ஏசும் சகோதரர்கள் இந்த ஹதீதைச் சற்று நினைத்துக் கொள்ளட்டும்!

நீர்த்துறை, நடைபாதை, நிழல் ஆகிய மூன்று இடங்களில் மலஜலம் கழிப்பது சாபத்திற்குரியது என்று அபூதாவூதின் ஹதீது எச்சரிக்கிறது. நாம் காரை நிறுத்திச் சாப்பிட உட்காருவதும் இதே மூன்று இடங்களில்தான். பிறருக்கு இடையூறு என்பதே அந்தத் தடையின் காரணம். அப்படியானால் ஓடைக்கரையில் போட்டுவரும் பிரியாணிப் பொட்டலமும் குழந்தையின் அசுத்தத் துணியும் எந்தக் கணக்கில் சேரும்? உடைந்த பாட்டில்கள் வனவிலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்பதால், 2022இல் உயர்நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரியில் காலி மது பாட்டில்களைத் திரும்பப் பெறும் ஏற்பாடு வந்தது. அது குடிகாரன் விவகாரம், நமக்கென்ன என்று சொல்ல வேண்டாம். சோடா பாட்டிலின் சில்லும் கண்ணாடிதான்.

உதகையில் தோடர்கள் வாழும் மந்துகளுக்கும் சிலர் வேடிக்கை பார்க்கப் போகிறார்கள். அனுமதி கேட்டு ஸலாம் கூறாமல் பிறர் வீட்டினுள் நுழைய நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் தடுக்கிறது. வாசலில் எட்டிப் பார்ப்பதும், கேளாமல் அவர்களுடைய பெண்களைப் படம் பிடிப்பதும் என்ன மரியாதை? நம் வீட்டுப் பெண்களை அந்நியன் படம் பிடித்தால் பொறுப்போமா? அவர்களுடைய கூம்புக் கூரைக் கோயிலைப் பார்த்துக் கேலி பேசுவதும் கூடாது. பிறர் வணங்குபவற்றை ஏசலாகாது என்பது அன்ஆம் அத்தியாயத்தின் 108ஆம் வசனம்.

இதிலே பயப்பட வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. மனிதர்களின் ஹக்கில் செய்த குற்றத்திற்குத் தவ்பா மட்டும் போதாது. உரியவரிடம் பொருத்தம் பெற வேண்டும். உள்ளூரில் அண்டை வீட்டாரை நோகடித்தால் மறுநாள் போய்க் கேட்டுவிடலாம். நாம் போட்ட சில்லில் கால் கிழிந்த தேயிலைத் தொழிலாளியை, ஊர் திரும்பிய பிறகு எங்கே தேடுவது?

தொழுகைக்கும் இதே நிபந்தனைதான். உரிமையாளர் பொருந்த மாட்டார் என்று தெரிந்தும் வேலி தாண்டித் தேயிலைத் தோட்டத்தில் தொழுதால், ஷாஃபி மத்ஹபின்படி தொழுகை நிறைவேறினாலும் பாவம் சேரும். காவலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு முஸல்லாவை விரிக்கவும்.