லாரி கேபினில் டிவி: 24 வோல்ட்டில் 12 வோல்ட் எடுப்பது எப்படி?



ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக் கேரளா போகிற லாரிக்காரர்களுக்கு ராத்திரி என்றால் பாதி ஓட்டம், பாதி காத்திருப்பு. என் அப்பாவும் அப்படித்தான். "படிக்கிற பயதானே, கேபின்ல ஒரு டிவி மாட்டிக் கொடேன்" என்றார். மாட்டினேன். தப்பாக மாட்டினேன். அந்தத் தப்புதான் இக்கட்டுரை.

லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் சீரிஸில் சேர்ந்து 24 வோல்ட் தருகின்றன. சிறிய எல்.இ.டி. டிவிக்கு 12 வோல்ட் போதும். அதனால் ஒரே பேட்டரியின் இரு முனைகளிலிருந்து ஒயரை இழுத்துவிட்டேன். படம் பளிச்சென்று வந்தது. அப்பா கிளீனர் அண்ணனிடம் பெருமையடித்துக் கொண்டார்.

ஒன்றரை மாதம் கழித்து, விடியற்காலை, தக்காளி லோடோடு செல்ஃப் எடுக்கவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு பேட்டரி 12.7, டிவி மாட்டியது 11.4. வண்டி மூணு மணி நேரம் லேட். வாடகையில் பிடித்தம். அப்பா ஒன்றுமே சொல்லவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

காரணம் நாம் முதலாண்டில் படித்ததுதான். சீரிஸ் சுற்றில் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம். டிவி 30 வாட், செட்டாப் பாக்ஸ் 10 வாட் என்று வைத்தால், 12 வோல்ட்டில் சுமார் 3.3 ஆம்பியர். நான்கு மணி நேரத்தில் 13 ஆம்பியர்-மணி. அது ஒரு பேட்டரியில் மட்டும் குறைகிறது. ஆனால் ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் ஒரே அளவுதான் ஏற்றும். குறைந்தது நிறையாது, நிறைந்தது மேலும் ஏறிக் கொதித்துத் தண்ணீர் வற்றும். ஆக இரண்டுமே கெடும்.

சரியான வழி 24-லிருந்து 12 வோல்ட் தரும் டி.சி. கன்வெர்ட்டர். அதில் வீணாவது போக, 24 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர்தான் இழுக்கும். இரண்டு பேட்டரியும் சமமாகக் குறையும். 5 ஆம்பியர் ஃபியூஸைப் பேட்டரி முனையை ஒட்டியே போட வேண்டும். டிவி பக்கத்தில் போட்டால், நடுவில் ஒயர் சேஸிஸில் உரசி ஷார்ட் ஆகும்போது ஃபியூஸ் சும்மா வேடிக்கை பார்க்கும். மேலே மெத்தையில் ஆள் தூங்குகிறார், மறக்கக் கூடாது.

ஒரு காலத்தில் எங்கள் பக்கம் வீட்டு ஆன்டெனா எல்லாம் கொடைக்கானலைப் பார்த்து நிற்குமாம். இப்போது டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு ஜிசாட்-15, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. திண்டுக்கல்லில் அது தென்கிழக்கே, சுமார் 68 டிகிரி உயரத்தில். நாக்பூர் போனால் சற்றுத் தெற்கே நகர்ந்து 60 டிகிரிக்கு இறங்கிவிடும். வண்டி நிற்கிற ஊருக்கு ஊர் டிஷ்ஷைத் திருப்பத்தான் வேண்டும். திசையைத் தோராயமாகப் பிடிக்கப் போனிலுள்ள திசைகாட்டி உதவும்.

கடைசியாக ஒரு ரிலே. காயிலைச் சாவியோடு இணைத்து, டிவிக்கான மின்சாரத்தை 87ஏ முனை வழியாக விட்டேன். காயிலில் மின்சாரம் இல்லாதபோதுதான் அந்த முனை இணைந்திருக்கும். சாவி போட்டால் டிவி அணையும். ஓட்டும்போது பார்க்கவே முடியாது. அப்பாவுக்குப் பரம திருப்தி. "கிளைமாக்ஸ்ல கட் பண்ணிட்டியேடா" என்று கிளீனர் அண்ணன்தான் இன்னும் என்னோடு சண்டை.