குஞ்சின் முதுகுக்குச் சூடு

பொரித்து ஒரு நாளான 20 குஞ்சுகளைக் காட்போட் பெட்டியில் வைத்துக் கையிலே தந்துவிட்டுப் போகிறவர்கள், அவற்றை இரவில் எப்படிச் சூடாக வைத்திருப்பது என்று சொல்லிவிட்டுப் போவது குறைவு. எங்களுக்கும் எவரும் சொல்லவில்லை. மார்கழி மழை நேரம். தகரக் கொட்டிலின் ஒரு மூலையில் மரத்தூள் பரப்பி, அரிக்கன் லாம்பு ஒன்றைத் தொங்கவிட்டுவிட்டுப் படுத்தோம். நடுச்சாமத்தில் எண்ணெய் தீர்ந்து லாம்பு நூர்ந்துபோயிற்று. விடியப் பார்த்தால், குஞ்சுகள் எல்லாம் மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அடியில் அகப்பட்ட ஏழும் செத்திருந்தன. குளிரில் செத்தவை சில, மற்றவை நெரிசலில் மூச்சடைத்துச் செத்தவை. விட்டுவந்த காணியையும் மாட்டையும் நினைத்துக்கொண்டு, ஒரு பெட்டிக் குஞ்சோடு மறுபடி தொடங்குகிற குடும்பத்துக்கு ஏழு குஞ்சு சிறிய நட்டம் அல்ல.

எங்கே பிழைத்தோம் என்பது பிறகுதான் விளங்கியது. குஞ்சின் உடலில் இருப்பது மெல்லிய பஞ்சு மட்டுமே. இறகு முளைக்கும்வரை தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதனால் இயலாது. முதற் கிழமையில் அது தங்கும் இடத்தில் 32 முதல் 35 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும். அதன்பின் கிழமைக்கு ஏறத்தாழ 3 பாகை வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். இந்தக் கணக்கைக் கேட்டதும் கொட்டில் முழுவதையும் சூடாக்க வேண்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். தாய்க்கோழி அப்படியா செய்கிறது? அது கூட்டைச் சூடாக்குவதில்லை. குஞ்சுகளின்மேல் தன் வயிற்றைத் தாழ்த்துகிறது. வயிற்றுத் தோல் குஞ்சின் முதுகில் படுகிறது. சூடேறியதும் குஞ்சு வெளியே ஓடி மேய்கிறது, குளிர்ந்ததும் திரும்பி வந்து நுழைகிறது. ஆகவே உங்களிடம் அடைக்கோழி ஒன்று இருந்தால் இக்கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. இரவு இருட்டில் பத்துக் குஞ்சுகள்வரை அதன் அடியில் மெல்லத் தள்ளிவிடுங்கள். அநேகமாக ஏற்றுக்கொள்ளும்.

இந்த வழியைப் பார்த்துச் செய்யப்பட்டதே சூட்டுத் தட்டு. நான்கு கால்களில் நிற்கும் தட்டையான பலகை அது. உள்ளே மின்கம்பி ஓடுகிறது. குஞ்சுகள் கீழே புகுந்து முதுகைத் தட்டோடு ஒட்டிக்கொண்டு படுக்கின்றன. 20 குஞ்சுக்கான தட்டுக்கு ஏறக்குறைய 20 வாட்ஸ் மின்சாரம் போதும். பலரும் தொங்கவிடும் சூட்டு மின்குமிழோ 250 வாட்ஸ் வரை இழுக்கும். இரவு 12 மணித்தியாலத்துக்கு மின்குமிழ் 3 அலகு எடுக்கும், தட்டு கால் அலகு எடுக்கும். அதைவிட முக்கியம், தட்டு ஓலைக் கூரையில் தீ மூட்டாது. வெளிச்சம் இல்லாதபடியால் குஞ்சுகள் இரவில் உறங்கும், ஒன்றையொன்று கொத்துவதும் குறையும். தட்டு காற்றைச் சூடாக்காது என்பதால் கடுங்குளிர் நாடுகளில் அது மட்டும் போதாது. வன்னியிலோ மார்கழி இரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. எமக்கு அது போதும்.

மின்சாரம் இல்லாதவர்கள் என்ன செய்வது? நாம் செய்து பார்த்ததைச் சொல்கிறோம். ஒன்றரை அடி நீள அகலத்தில் மரச் சட்டம் அடித்து, நான்கு கால் வைத்து, கம்பிவலை இழுத்துக் கட்டுங்கள். வலையின்மேல் பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாக விரியுங்கள். சாக்கு வேண்டாம், அதன் நார் குஞ்சின் கழுத்திலும் காலிலும் சுற்றிக்கொள்ளும். தட்டையான சமையலெண்ணெய்க் கலனில் கொதித்துச் சற்று ஆறிய நீரை நிரப்பி, இறுக மூடி, துணியின்மேல் படுக்க வையுங்கள். அதன்மேல் பழம் போர்வை. கலனை முன்பே கவிழ்த்து வைத்து ஒழுக்குப் பாருங்கள். இரவில் நனைந்த குஞ்சு விடியுமுன் சாகும். ஐந்து லீற்றர் நீர் ஐந்து கிலோ பாரம் என்பதையும் மறக்க வேண்டாம். எங்கள் முதற் சட்டத்தின் கால் ஒன்று ஆடியது, நல்லகாலம் பகலில் கண்டோம். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை நீர் மாற்ற வேண்டும். இரவில் எழும்புவதை வீட்டார் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் அம்மாவின் தலையில் கட்டாதீர்கள்.

நெருப்புக் கரிச் சட்டியை மூடிய கொட்டிலுக்குள் வைத்துவிட்டுப் படுக்கவே கூடாது. மணமில்லாத நச்சு வாயு குஞ்சையும் கொல்லும், பக்கத்தில் படுத்த பிள்ளையையும் கொல்லும்.

உயரத்துக்கு அளவுகோல் தேவையில்லை. குஞ்சைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், முதுகு வலையைத் தொட வேண்டும். ஒரு பக்கம் அரை அங்குலம் உயர்ந்திருந்தால் சிறியதும் பெரியதும் தத்தமக்கு ஏற்ற இடத்தைத் தேடிக்கொள்ளும். புறங்கையைக் கீழே வைத்துப் பார்க்கும்போது இதமாக இருக்க வேண்டும், கையை இழுக்கத் தோன்றக்கூடாது. தீனியும் தண்ணீரும் வெளியே, குளிர்ந்த பக்கத்தில் இருக்கட்டும். பொரிப்பகக் குஞ்சு தாயைக் கண்டதில்லை. ஆகவே முதல் நாள் மாலை நாலைந்து தடவை கையால் உள்ளே தள்ளிப் பழக்குங்கள்.

பிறகு காதைக் கொடுங்கள். கூட்டமாய்ச் சேர்ந்து உரத்துக் கீச்சிட்டால் குளிர். வாயைத் திறந்து, செட்டையைத் தொங்கவிட்டு விலகிக் கிடந்தால் சூடு கூடிவிட்டது. எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எங்கிருந்தோ வாடைக்காற்று வருகிறது, அந்தப் பக்கம் பாயால் மறையுங்கள். சத்தமின்றிச் சட்டத்தின் ஓரத்தில் அலகுகள் மட்டும் தெரிந்தால் நீங்களும் போய்ப் படுக்கலாம்.

கிழமைக்கு ஒருமுறை கால்களின் கீழ் மரத்துண்டு வைத்துச் சட்டத்தை உயர்த்தி வாருங்கள். மூன்றாம் கிழமையிலிருந்து பகலில் சூடு அநேகமாகத் தேவைப்படாது. நாலாம், ஐந்தாம் கிழமையில் இறகு மூடியதும் குஞ்சுகள் உள்ளே நுழையாமல் சட்டத்தின்மேல் ஏறி உறங்கத் தொடங்கும். அன்றிரவு தண்ணீர் கொதிக்க வைக்க வேண்டியதில்லை.