பாலாற்றின் பதிவேடு

நுழையும்முன்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, வேலூர்ப் பகுதிகளில் தோல்தொழில் செழித்தது. அதன் கழிவுநீர் பாலாற்றைப் பாதித்தது. இன்று அக்கழிவுநீரைக் கருவிகள் இரவும் பகலும் அளக்கின்றன. அந்த அளவீடுகளை எங்கே, எவ்வாறு சேமித்தால் அவை உண்மைக்குச் சான்றாக நிற்கும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஆறும் தீர்ப்பும்

கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திரம் வழியாகத் தமிழகம் புகுந்து வங்கக்கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே காட்சியளிக்கும் ஆறு அது. ஆயினும், மணலுக்கடியில் ஓடும் நீரே கரையோரக் கிணறுகளுக்கு ஊற்று. தோல் பதனிட உப்பும் சுண்ணாம்பும் குரோமியமும் தேவை. அவை கலந்த கழிவுநீர் நிலத்தில் இறங்கியபோது கிணற்றுநீர் உவர்த்தது. வயல்கள் விளைச்சலை இழந்தன.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதை அத்தீர்ப்பு சுட்டியது. மாசுபடுத்தியவரே இழப்பீடு செய்யவேண்டும் என்னும் கொள்கையை அது நிலைநாட்டியது.

இக்கொள்கையைச் செயற்படுத்த மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும்: கழிவு எங்கிருந்து வந்தது? எப்போது வந்தது? எவ்வளவு வந்தது? மாதம் ஒருமுறை புட்டியில் எடுக்கும் நீர்மாதிரி, அந்த ஒரு நாளை மட்டுமே காட்டும். எனவே, தோல் ஆலைகள் உள்ளிட்ட 17 வகைத் தொழில்களும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் இடைவிடாது அளக்கும் இணையவழிக் கருவிகளைப் பொருத்த வேண்டுமென்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் ஆணையிட்டது.

வந்துகொண்டேயிருக்கும் தரவு

ஐம்பது அளவீட்டு இடங்கள் பத்து நொடிக்கு ஒருமுறை ஒரு செய்தியை அனுப்புவதாகக் கொள்வோம். ஒரு நாளில் 4,32,000 செய்திகள் சேரும். ஓராண்டில் அவை பதினைந்து கோடியைத் தாண்டும். இவ்வாறு இடையறாது வருவதைத் 'தரவோட்டம்' என்கிறோம்.

இச்செய்திகள் ஒரே வார்ப்பில் அமைவதில்லை. ஒரு கருவி கார அமிலநிலையையும் நீரோட்டத்தையும் தரும். மற்றொன்று கரைந்துள்ள உப்பின் அளவையும் சேர்த்துத் தரும். பழுதடைந்த கருவி எண்ணுக்கு மாறாகப் பிழைக்குறிப்பை அனுப்பும். ஒவ்வொரு மதிப்பும் தன் பெயரைத் தாங்கி வருவதால் இவற்றில் ஓர் ஒழுங்கு உண்டு. ஆனால், எல்லாச் செய்திக்கும் பொதுவான கட்டங்கள் இல்லை. இத்தகையது 'அரைக்கட்டமைப்புத் தரவு'. 'ஜேசான்' என்னும் வடிவம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

எதில் சேமிப்பது?

முன்பே வகுத்த அட்டவணையில் தரவைச் சேமிக்கும் வழக்கமான தரவுத்தளம், கணக்குவழக்குகளுக்குப் பெரிதும் ஏற்றது. ஆனால், புதிய கருவி வரும்போதெல்லாம் அட்டவணையைத் திருத்த நேரிடும். பொருந்தாத செய்தியைத் தள்ளிவிடும் இடரும் உண்டு. தள்ளப்பட்ட அந்தச் செய்தியே நாளை தேவைப்படும் சான்றாக இருக்கலாம்.

மேகக் கணிமையில் கிடைக்கும் 'பொருட்சேமிப்பு', எவ்வடிவக் கோப்பையும் வந்தவாறே ஏற்கும். அமேசான் நிறுவனம் 2006இல் தொடங்கிய எஸ்3 சேவை இவ்வகையைச் சார்ந்தது. ஒரே கோப்பின் படிகளைப் பல இடங்களில் வைப்பதால் ஒரு வட்டு பழுதானாலும் தரவு அழியாது, செலவும் குறைவு. வடிவத்தைச் சேமிக்கும்போது கட்டாயப்படுத்தாமல், படிக்கும்போது பொருத்திக்கொள்ளலாம்.

எனினும், ஒவ்வொரு செய்தியையும் தனிக் கோப்பாக வைத்தால், கோடிக்கணக்கான சிறுகோப்புகளைத் திறந்து மூடுவதிலேயே நேரமும் பணமும் கரையும். சுத்திகரிப்பு நிலையத்தில் பல ஆலைகளின் கழிவுநீரை முதலில் ஒரு தொட்டியில் சேர்த்து, ஓட்டத்தைச் சமப்படுத்திய பின்னரே அடுத்த கட்டத்துக்கு விடுவர். தரவுக்கும் அத்தகைய தொட்டி தேவை. 'காஃப்கா' போன்ற மென்பொருள்கள் செய்திகளை வரிசையில் தாங்கி நிற்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அவற்றைத் திரட்டிப் பெருங்கோப்பாகச் சேமிக்கலாம்.

பச்சைத் தோலும் பதனிட்ட தோலும்

பச்சைத் தோலை உப்பிட்டுக் காக்காவிடில் அது அழுகிவிடும்; பிறகு எந்தப் பதனீடும் அதை மீட்காது. தரவும் அவ்வாறே. வந்த செய்தியை மாற்றமின்றி முதலில் காக்க வேண்டும். பின்னர்ப் பிழை நீக்கிய படியையும், ஆய்வுக்கேற்பச் சுருக்கிய படியையும் தனித்தனியே உருவாக்கலாம். பதனிட்ட தோலிலிருந்து பச்சைத் தோலைத் திரும்பப் பெற இயலாது. தரவிலோ மூலத்தையும் படிகளையும் ஒருங்கே வைத்துக்கொள்ள இயலும். நாள் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்தால், நள்ளிரவில் அரைமணி நேரம் திறந்துவிடப்பட்ட கழிவு அச்சராசரியில் மறைந்துபோகும்.

ஆய்வுக்குரிய படியைப் 'பார்க்கே' போன்ற நிரல்வழி வடிவில் வைப்பது சிறப்பு. உப்பின் அளவை மட்டும் கேட்டால், அந்நிரலை மட்டுமே கணினி படிக்கும். கோப்புகளை நாள்வாரியாகவும் இடவாரியாகவும் பிரித்துவைத்தால் தேடும் பரப்பு மேலும் சுருங்கும். இணையம் அறுந்து தாமதமாக வரும் செய்திகள் உண்டு. ஆகவே, அளந்த நேரத்தையும் வந்துசேர்ந்த நேரத்தையும் தனித்தனியே குறித்தல் வேண்டும்.

> தெரிந்து தெளிவோம்
> 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்பதற்கான நெறிகளை வகுக்கிறது. அதற்குரிய சான்றிதழில் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பும் இடம்பெறும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இம்மதிப்பு மாறிவிடும்.

தேர்வின் அளவுகோல்கள்

சேமிப்பிடத்தின் விலையை மட்டும் ஒப்பிடுதல் போதாது. அன்றாடம் பார்க்கும் அண்மைத் தரவை விரைவாக எடுக்கத்தக்க அடுக்கிலும், பழைய மூலத்தை விலை குறைந்த ஆவண அடுக்கிலும் வைக்கலாம். ஆனால், ஆவண அடுக்கிலிருந்து மீட்கவும் தரவை வெளியே எடுத்துச்செல்லவும் தனிக்கட்டணம் உண்டு. குறித்த காலம்வரை எவரும் திருத்தவோ அழிக்கவோ முடியாத பூட்டு வசதி இருக்கிறதா என்று காண்க. வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் படிக்கத்தக்க திறந்த வடிவில் சேமிக்க. தரவு நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டுமெனில் அதற்கும் வழியுண்டு: மும்பை, ஐதராபாத்து, சென்னை ஆகிய நகரங்களில் பெருநிறுவனங்களின் மேகத் தரவு மையங்கள் இயங்குகின்றன, அரசுத்துறைகளுக்கென 'மேக்ராஜ்' என்னும் மேகக் கணிமைத் திட்டமும் உள்ளது.

2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளித்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. வழக்குகள் இத்துணை நீளுமாயின், பதிவுகளும் அத்துணைக் காலம் சிதையாதிருத்தல் வேண்டும். கிணறு உவர்த்த உழவருக்கும், பழியின்றித் தொழில் நடத்தும் ஆலைக்கும் அவையே ஒருங்கே துணையாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர்க் கிணற்றுநீரின் உவர்ப்பை ஆண்டு முழுவதும் பதிவுசெய்ய வேண்டுமெனில், எவ்விவரங்களைக் குறிப்பீர்கள்? பட்டியலிடுக.
2. 'மூலத்தை அழித்துச் சராசரியை மட்டும் வைத்திருத்தல் போதும்' – இக்கூற்றை ஏற்றும் மறுத்தும் வகுப்பில் உரையாடுக.