வடமாநிலத்தாருக்கு வீடு தரலாமா?

கேள்வி: ஒரகடத்தில் எங்கள் தெருவில் வடமாநிலத்தாருக்கு வீடு தரக்கூடாது என்கிறார்கள். நம் பிள்ளைகளின் வேலையை அவர்கள் பறிப்பது உண்மைதானே?
- ஒரு வாசகர், ஒரகடம்

பதில்: வேலையைப் பறிப்பது பீகார்காரர் அல்ல. நிரந்தர வேலையைக் காண்ட்ராக்டர் மூலம் குறைந்த கூலிக்கு வாங்கும் முறை. அதில் நம் பிள்ளையும் அடிபடுகிறான், ஒடிசா பையனும் அடிபடுகிறான். நம் பிள்ளைகளும் அடிபடுவதற்கு ஒரு சாட்சி: 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகி, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்த பாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர்கள் பெரும்பாலும் நம் ஊர்ப்புறப் பெண்கள்தான்.

உங்கள் தெருவிலேயே பாருங்கள். பகல் ஷிஃப்ட் போனவனின் பாயில் இரவு ஷிஃப்ட் முடித்தவன் படுத்திருப்பான். வாடகையோ தலைக்கு இவ்வளவு என்று. இவர்களா நம்மைச் சுரண்டுகிறார்கள்?

வெளியே போன நம்மவரும் இதே கதியைப் பட்டவர்கள்தான். 1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த லட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1960-களில் மும்பையில் தென்னிந்தியருக்கு எதிராக, வேலையைப் பறிக்கிறார்கள் என்ற இதே குற்றச்சாட்டுதான் எழுந்தது. அன்று நமக்கு வலித்தது. அதே வலியை இங்கே அவர்களும் பட்டார்கள்: 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. பொய்தான், ஆனால் பயந்து ஊருக்கு ரயிலேறியவர்கள் உண்மையான மனிதர்கள்.

இந்தியாவில் எங்கும் குடியிருக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு குடிமக்கள் எல்லோருக்கும் தருகிறது. வீடு கொடுங்கள், முறையாக ஒப்பந்தம் எழுதுங்கள். ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டத்தில் சொந்த ஊர் கார்டுக்கு நம் ரேஷன் கடையிலேயே அரிசி வாங்கலாம் என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். பலருக்கு அது தெரியாது.